கரி இல்லாத நாட்டின் றெயில்

சூரிச்சிலிருந்து லுகானோவுக்கு றெயில் ஏறும் எங்கட சனம், அது புகை விடாமல் ஓடுவதை ஒரு புதினமாக எடுப்பதில்லை. காற்றைக் காப்பாற்ற என்று தொடங்கிய வேலை அல்ல இது. கரிப் பஞ்சத்தால் வந்தது.

சுவிஸ் மண்ணில் சொல்லும்படியாக நிலக்கரி இல்லை. பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்க, வரத்துச் சுருங்கியது, விலை ஏறியது, புகையிரதங்கள் குறைக்கப்பட்டன. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் மறிக்கப்பட்டபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டியும் சைக்கிள் மிதித்தும் சமாளித்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கரிதான் இல்லை; மலையும் தண்ணியும் தாராளம். போருக்கு முன்னரே பேசப்பட்ட மின்மயத் திட்டம் இப்போது அவசரமானது. மலைமேல் இருந்த றிட்டோம் ஏரித் தண்ணியைக் குழாய்வழி இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். 1920இல் எர்ஸ்ட்பெல்டுக்கும் ஐரோலோவுக்கும் இடையில், கொட்ஹாட் சுரங்கத்தினூடாக, மின்சார றெயில் ஓடியது. 1922இல் அது இத்தாலி எல்லையான கியாசோ வரை போனது. 'முதலை' என்று பட்டப்பெயர் எடுத்த நீள்மூக்கு எஞ்சின் இந்தப் பாதைக்கென்றே செய்தது. இறக்கத்தில் அதன் மோட்டரே பிரேக்காகி, மின்சாரத்தைத் திரும்பக் கம்பிக்குக் கொடுக்கும். இன்று மின்சாரக் கார்க்காரர் பெருமையாகச் சொல்லும் வித்தை அன்றைக்கே இருந்தது!

1939இல் அடுத்த போர் வந்தபோது சமஷ்டிப் புகையிரதப் பாதைகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் மின்சாரத்தில். பெற்றோல் பங்கீட்டால் கார்கள் முடங்கின, றெயில் நிற்கவில்லை.