பல்லுக்கு மூன்று வேளை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் போச்சம்பள்ளி சந்தைக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பேர்போன வாரச் சந்தை. ஆடு, மாடு, கோழி, காய்கறி, துணிமணி என்று சகலமும் கிடைக்கும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும். விலை படிந்து நாலு பேர் வாய்விட்டுச் சிரிக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். நடுத்தர வயதைத் தாண்டிய சிலருடைய முன்பற்களில் குறுக்கே பழுப்பு நிறக் கோடு ஓடும். சிலர் சிரிப்பு வந்ததுமே கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

'ஒழுங்கா பல்லே தேய்க்க மாட்டார் போல' என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். தப்பு! தினமும் மூன்று வேளை தேய்த்திருந்தாலும் அந்தக் கோடு போயிருக்காது. ஏன்? அதைச் சொல்வதற்கு முன்னால், பல் தேய்க்கச் சரியான நேரம் எது என்ற பழைய கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

'இதெல்லாம் ஒரு கேள்வியா? காலையில எழுந்ததும் தேய்க்க வேண்டியதுதானே!' என்கிறீர்களா? நம் ஊரில் அப்படித்தான். வேப்பங்குச்சி, உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி, பிற்பாடு கோபால் பல்பொடி என்று பொருள்தான் மாறியது. நேரம் மாறவில்லை. பல் துலக்காமல் காபித் தம்ளரைத் தொட்டால் பாட்டியிடம் குட்டு விழும்! 1980-களில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பல்பொடியும் இலவசமாகக் கொடுத்தது. அதையும் காலையில்தான் தேய்த்தார்கள்.

ஆனால், நம் பழைய வைத்தியர்கள் காலையோடு நிறுத்தவில்லை! சரக சம்ஹிதை, பல் குச்சியை 'இரண்டு வேளை' பயன்படுத்தச் சொல்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அந்த இரண்டு வேளையும் எது என்றே பிரித்துச் சொல்லிவிடுகிறது. காலையில் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. துவர்ப்பு, காரம், கசப்புள்ள குச்சியாக இருக்க வேண்டும், நுனியை மென்று மிருதுவாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய யோசனை இது. வழியில் எங்கேயோ அந்த இரண்டாவது வேளை நம் கையைவிட்டு நழுவிவிட்டது.

அதனால் என்ன நஷ்டம்? அதைக் கண்ணால் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி!

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊர். அங்கே லேவன்ஹூக் என்று ஒருவர். துணியின் இழைகளைப் பார்க்க லென்ஸ் வைத்துக்கொண்டிருந்தவருக்கு, லென்ஸ் தேய்ப்பதே பைத்தியமாகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் அதன் கீழே வைத்துப் பார்த்தார். 1683-ல் தன் பல் இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் மாவு போன்ற அழுக்கைச் சுரண்டியெடுத்துப் பார்த்தார். தூக்கிவாரிப்போட்டது. உள்ளே குட்டிக்குட்டி ஜீவன்கள் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன!

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் தினமும் காலையில் உப்பு போட்டுப் பல் தேய்ப்பவர். தன் பற்கள் சுத்தம் என்ற பெருமை அவருக்கு உண்டு. அப்படிப்பட்ட வாயிலேயே இத்தனை குடியிருப்பு! வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரைப் பிடித்து அவர் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே... கேட்கவே வேண்டாம், திருவிழாக் கூட்டம்!

அந்த ஜீவன்கள் அங்கே என்ன செய்கின்றன என்பது தெரிய இன்னும் 200 வருஷங்கள் ஆயின. பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் டாக்டர் மில்லர், 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விளக்கினார். நாம் சாப்பிடும் மாவையும் இனிப்பையும் அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஆக, பல்லை அரிப்பது 'பூச்சி' இல்லை, புளிப்பு!

1940-களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு நேரமும் குறித்தார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே பல்மேல் அமிலம் ஏறிவிடுகிறது. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மெள்ள இறங்குகிறது. இறக்கிவிடுவதில் பெரிய பங்கு நம் எச்சிலுக்கு. அமிலத்தைக் கழுவித் தணிப்பதும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவதும் அதன் வேலை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் தூங்கும்போது எச்சிலும் கிட்டத்தட்ட தூங்கிவிடுகிறது! சுரப்பு வெகுவாகக் குறைந்துபோகும். ராத்திரி சாப்பிட்ட சோறும் பாலும் பழமும் பல் இடுக்கில் கிடக்க, காவல்காரன் இல்லாத வீட்டில் விடியவிடியக் கொள்ளை நடக்கிறது. காலையில் எழுந்து ஆவேசமாகத் தேய்க்கிறோமே... திருடன் போன பிறகு கதவைப் பூட்டுகிற கதைதான்.

ஆகவே, இரண்டு வேளையில் ஒன்றைத்தான் விடாமல் செய்ய முடியும் என்றால், படுக்கப்போகும் வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் தேய்ப்பதும் வேண்டியதுதான். ஆனால், எலுமிச்சை ஜூஸோ கூல் டிரிங்க்ஸோ குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். பல்லின் மேல்பூச்சு அப்போது இளகியிருக்கும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்கலாம்.

'ராத்திரி' என்றால் கடிகார ராத்திரி இல்லை. இன்றைக்கு ஓசூரிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு எத்தனையோ பேர் பொழுது விடிந்த பிறகு வீடு திரும்புகிறார்கள். இட்லி சாப்பிட்டு, டீ குடித்துவிட்டு அப்படியே சாய்கிறார்கள். அவர்களின் பல்லுக்கு அதுதான் ராத்திரி! சூரியன் எங்கே நிற்கிறது என்பது பல்லுக்குத் தெரியாது. நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

இரண்டு வேளை ஆயிற்று. தலைப்பில் மூன்று என்று போட்டிருக்கிறதே?

அந்த மூன்றாவது வேளைக்குத்தான் போச்சம்பள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆனால், அமெரிக்கா வழியாக!

1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் டாக்டர் கிளினிக் திறந்தார். வருகிறவர்கள் பல்லைப் பார்த்தால் சாக்லேட் நிறத்தில் கறை. தேய்த்தாலும் சுரண்டினாலும் போகாது. 'பன்றிக்கறி அதிகமா சாப்பிடுறாங்க', 'பால் சரியில்லை' என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே விடவில்லை. பல் மருத்துவ மேதை ஜி.வி.பிளாக் 1909-ல் அங்கே வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். குழந்தைப் பருவத்தை அந்த ஊரில் கழித்தவர்களுக்கே கறை இருந்தது. பெரியவர்களான பிறகு குடிவந்தவர்களுக்கு இல்லை!

1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சின்ன ஊரிலிருந்து மெக்கேவுக்கு அழைப்பு. 'வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் எங்க பிள்ளைங்க பல்லு இப்படி ஆயிடுச்சு' என்றார்கள் பெற்றோர்கள். தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும், 'அந்தக் குழாயை விடுங்கள், வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுங்கள்' என்று துணிந்து சொன்னார். சில வருஷங்களில் ஓக்லியின் சின்னப் பிள்ளைகளுக்குப் புதுப் பற்கள் பளிச்சென்று முளைத்தன. 1931-ல் அல்கோவா அலுமினிய கம்பெனியின் வேதியியல் நிபுணர் சர்ச்சில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். அது ஃபுளோரைடு!

இதே ஃபுளோரைடு கொஞ்சமாக இருந்தால் பல்லைக் காக்கும். பேஸ்ட்டில் சேர்ப்பது அதனால்தான். அளவு மீறினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் பூச்சையே கெடுத்துவிடும். பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரை நடக்கிற வேலை அது. அதுதான் பல்லின் மூன்றாவது வேளை. பிரஷ் எட்டாத வேளை!

இந்தியாவில் இதை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது நமது பழைய மதராஸ் மாகாணம்தான். 1937-ல் ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி எழுதினார்கள். பற்கள் மட்டுமல்ல, முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போன மனிதர்களை அங்கே அவர்கள் பார்த்தார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பூமியும் பாறை பூமி. மழை குறைவு. கிணறு வற்ற வற்ற போர்வெல் ஆழமாக இறங்கியது. பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து மேலே வந்தது. நிறம் இல்லை, வாசனை இல்லை. கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கோட்டைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துத்தான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் 'பல் தேய்ச்சியாடா?' என்று கேட்டபோது பதில் தெரியாமல் தலைகுனிந்து நின்றார்கள்.

பரிகாரம், ஓக்லியில் செய்ததேதான்... தண்ணீரை மாற்றுவது! பக்கத்திலேயே காவிரி. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. இங்கே தமிழ்த் திரையுலகமே உண்ணாவிரதம் உட்கார்ந்தது. அந்தக் களேபரத்தில் 'காவிரி', 'எல்லை' என்ற வார்த்தைகள்தான் எல்லோர் காதிலும் விழுந்தன. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. 2013 மே மாதம், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

அதற்காகப் பழைய கறை மறைந்துவிடாது. முளைத்துவிட்ட பல் முளைத்ததுதான். பலன் அடுத்த தலைமுறைக்கு. அதுவும் காவிரித் தண்ணீர் வரும் குழாயிலிருந்து பிடித்துக் குடித்தால்தான்! 'எங்க போர் தண்ணிதான் ருசி' என்று பிள்ளைக்கு அதையே ஊற்றினால் 1,928 கோடியும் வீண். போர் தண்ணீரை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அரிசி அளவு பேஸ்ட் போதும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள்.

அடுத்த தடவை அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் சிரிக்கும்போது வாயைப் பொத்தினால், 'பல் தேய்க்க மாட்டீங்களா?' என்று மனசுக்குள்கூடக் கேட்காதீர்கள். 'எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பொத்திய கையை எடுத்துவிட்டு அவர் பேசக்கூடும்.

அப்புறம்... இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் ஞாபகம் இருக்கட்டும். காவல்காரன் தூங்கப் போகிறான். கதவைச் சாத்த வேண்டியது நீங்கள்தான்!