சிஜாரா, கஜியான் தெம்பத்தான், சமூகக் கல்வி: பாடத்தின் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

"பேரு, வருஷம், சண்டை... இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது?"

எஸ்பிஎம் எழுதும் மாணவர்கள் பலரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பதில் மாறும்போதெல்லாம் பாடத்தின் பெயரும் மாறியிருக்கிறது.

ஜோகூர் பாருவில் படிக்கும் ஒரு மாணவருக்கு இது 'சிஜாரா', அதாவது வரலாறு. அவருடைய அண்ணனோ அக்காவோ ஆரம்பப்பள்ளியில் படித்தது 'கஜியான் தெம்பத்தான்'. கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் 'சோஷியல் ஸ்டடீஸ்'. தமிழ்நாட்டில் 'சமூக அறிவியல்'. இவை எல்லாம் ஒன்றல்ல. ஆனாலும் இவற்றின் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: சமூகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தர வேண்டும், எதற்காக?

சமூகக் கல்வி எங்கே தொடங்கியது?

இந்தப் பெயர் அமெரிக்காவில் பரவியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக வர்ஜீனியாவில் 1868-ல் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில், 1900-களின் தொடக்கத்தில் தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் என்பவர் 'சோஷியல் ஸ்டடீஸ்' பாடங்களை நடத்தினார். பிறகு அவர் தலைமையில் அமைந்த ஒரு குழு 1916-ல் அறிக்கை வெளியிட்டது. வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் சேர்ந்து நல்ல குடிமக்களை உருவாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹாம்ப்டன் பாடங்கள் மீது ஒரு விமர்சனம் உண்டு. அநீதியைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, சமூகம் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பொருந்திப்போக அவை மாணவர்களைப் பழக்கின என்கிறார்கள் விமர்சகர்கள்.

பிள்ளையைச் சமூகத்துக்குப் பொருத்துவதா, சமூகத்தைப் பிள்ளைக்குப் புரியவைப்பதா? இந்த இழுபறி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மலேசியாவில் என்ன நடந்தது?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் தமிழ்ப்பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தன. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை தன் ஊரைப் பற்றிப் படிக்காமல், பார்த்தே இராத ஊர்களைப் பற்றிப் படித்தது.

1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை இதை மாற்றியது. எந்த மொழிப் பள்ளியாக இருந்தாலும், இந்த நாட்டை மையமாகக் கொண்ட பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்றது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970-ல் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. ஒற்றுமை என்பது பள்ளிப் பாடத்தின் முக்கிய நோக்கமானது.

அதன் பிறகு வந்த மாற்றங்கள்:

• 1980-கள்: கேபிஎஸ்ஆர் பாடத்திட்டத்தில் வரலாறு, புவியியல், அறிவியல் எல்லாம் 'ஆலாம் டான் மனுசியா' (இயற்கையும் மனிதனும்) என்ற ஒரே பாடமாயின.

• 1990-கள்: அது அறிவியல் என்றும் 'கஜியான் தெம்பத்தான்' என்றும் பிரிந்தது. பின்னது, தன்னைச் சுற்றியுள்ள இடத்தைப் பற்றிய படிப்பு. வீடு, பள்ளி, வட்டாரம் எனத் தொடங்கி நாடு வரை விரிந்தது. யுபிஎஸ்ஆர் தேர்வில் இந்தப் பாடம் இருக்கவில்லை.

• 2005: குடிமையியலும் குடியுரிமைக் கல்வியும் தனிப் பாடமாக வந்தது. அது பிறகு நீங்கியது. 2019 ஜூன் முதல் குடிமைக் கல்வி மற்ற பாடங்களுக்குள் சேர்க்கப்பட்டது.

• 2013: எஸ்பிஎம் சான்றிதழ் பெற சிஜாராவில் தேர்ச்சி கட்டாயமானது.

• 2014: ஆரம்பப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து கஜியான் தெம்பத்தானுக்குப் பதில் வரலாறு வந்தது.

சிங்கப்பூர் என்ன செய்தது?

அங்கே 1997-ல் 'தேசியக் கல்வி' என்ற திட்டம் தொடங்கியது. அதையொட்டி 2001-ல் உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் சமூகக் கல்வி கட்டாயத் தேர்வுப் பாடமானது. மலேசியா வரலாற்றைத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூர் இன்றைய சமூகப் பிரச்சினைகளைத் தேர்ந்தெடுத்தது. வழி வேறாக இருந்தாலும், இரண்டு நாடுகளுக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: பல இனங்கள் கொண்ட நாட்டில் 'நாம்' என்ற உணர்வு.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இதில் என்ன?

முதலாவது, மொழி. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆறாம் ஆண்டு வரை வரலாற்றைத் தமிழில் படிக்கிறார்கள். படிவம் 1-ல் அதே பாடம் மலாய்மொழிக்கு மாறுகிறது. 'குடியேற்றம்' என்று படித்தது 'பெங்ஹிஜ்ராஹான்' ஆகிறது. விஷயம் தெரிந்திருந்தும் சொல் தெரியாததால் தடுமாற நேரிடலாம். சான்றிதழே இந்தப் பாடத்தின் தேர்ச்சியைப் பொறுத்திருப்பதால், இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, இடம். இன்றைய நான்காம் ஆண்டு வரலாற்றிலும் குடும்பம், பள்ளி, வசிப்பிடம் பற்றிய பகுதிகள் உள்ளன. ஆனால் பாடம் சீக்கிரமே பழங்கால அரசுகளுக்கும் மலாக்காவுக்கும் நகர்ந்துவிடுகிறது. நாட்டின் கதை தெரியாமல் குடிமகனாக இருக்க முடியாதுதான். ஆனால் சொந்த ஊரின் கதை எங்கே?

ஜோகூரையே எடுத்துக்கொள்வோம். 1855-ல் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் தொடங்கிய ஊருக்கு, பின்னாளில் சுல்தான் ஆன அபு பாக்கார் 1866-ல் ஜோகூர் பாரு என்று பெயரிட்டார். 'காங்கார் பூலாய்' என்ற பெயரில் உள்ள 'காங்கார்', மிளகும் கேம்பியரும் பயிரிட்ட சீனர்களின் ஆற்றங்கரைக் குடியிருப்பைக் குறிக்கும். கிம்மாஸ் முதல் ஜோகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-ல் திறக்கப்பட்டது. செகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் எல்லாம் அந்தப் பாதையில் உள்ளவை. அந்தக் காலத்தில் பெருகிய ரப்பர் தோட்டங்களுக்கு வேலை செய்ய வந்தவர்களில் நம்மில் பலரின் பாட்டன், பூட்டிகளும் இருந்தார்கள்.

இன்றும் ஜோகூரின் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம் என்ற சொல் இருக்கிறது. சிலவற்றைச் சுற்றி இப்போது தோட்டமே இல்லை. வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும்தான். தோட்டம் எங்கே போனது? அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்? நிலம் யார் கைக்குப் போனது?

வரலாறு, புவியியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். சமூகக் கல்வி என்பதன் பொருளும் அதுதான். பாடத்தின் பெயர் இன்னும் எத்தனை முறை மாறினாலும் சரி, இந்த வேலையை வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டியிடம் கேளுங்கள்: "நீங்க முதல்ல எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?"