ஆத்தங்கரை ஊர்னா ஆரோக்கியமா?

காவிரிக்கு இக்கரை எங்க குமாரபாளையம், அக்கரை பவானி. நடுவுல பாலம். 1997ல நாமக்கல் மாவட்டம் பிரிக்கற வரைக்கும் நாங்க சேலம் மாவட்டம்தான். "ஆத்தங்கரையில இருக்கீங்க, கொடுத்து வச்சவங்க"ன்னு வெளியூர் நண்பர்கள் சொல்றப்ப எல்லாம் ஆமாம்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

தண்ணிப் பக்கம் உடம்புக்கு நல்லதுங்கறது பழைய நம்பிக்கைதாங்க. இங்கிலாந்துல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் 1750ல கடல் தண்ணியே மருந்துன்னு புத்தகம் போட்டார். சாதாரண மீனவர் ஊரா இருந்த பிரைட்டன், பணக்காரங்க குளிக்க வர்ற ஊராயிடுச்சு. நமக்கு டாக்டர் சொல்லியா தெரியணும்? ஆடி 18க்கு கூடுதுறையில வந்து பாருங்க :-)

ஆனா அதே தண்ணிதான் காலராவையும் சுமந்துச்சு. 1876-78 பஞ்சத்துல ரொம்ப அடிபட்ட ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. பசியோட காலராவும் சேர்ந்து ஜனங்களை அள்ளிட்டுப் போச்சு. தண்ணியில இருந்துதான் வருதுன்னு அப்போ எல்லாரும் ஒத்துக்கலை. 1884ல ராபர்ட் கோக் கல்கத்தாவுல ஒரு குளத்துத் தண்ணியில அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார்.

இதைவிட தெளிவான சாட்சி 1892ல ஜெர்மனியில கிடைச்சது. ஹாம்பர்க், ஆல்டோனா ரெண்டும் எல்பே ஆத்தங்கரையில ஒட்டி ஒட்டி இருந்த ஊருங்க. ஹாம்பர்க் ஆத்துத் தண்ணியை அப்படியே குழாயில விட்டுச்சு. 8,600 பேருக்கு மேல செத்தாங்க. ஆல்டோனா கீழ்பக்கம் இருந்து, அழுக்கான தண்ணியைத்தான் எடுத்துச்சு. ஆனா மணல்ல வடிகட்டி விட்டதால பெரும்பாலும் தப்பிச்சுடுச்சு. ஆறு ஒண்ணுதான், ஆத்துக்கும் வாய்க்கும் நடுவுல என்ன செஞ்சாங்கங்கறதுதான் வித்தியாசம்.

அந்தப் பாடத்தை நாமும் படிச்சோம். வடிகட்டு, குளோரின் போடு, கொதிக்க வச்சுக் குடி. எங்க பாட்டி கடைசி வரைக்கும் காய்ச்சாத தண்ணியைக் குடிக்க விட்டதில்லை.

பிரச்சினை என்னன்னா, அந்தப் பாடம் சாயத் தண்ணிகிட்ட செல்லாது. எங்க ஊரு சோறு தறியிலயும் சாயப்பட்டறையிலயும்தான் வருது, அதை மறைக்க வேண்டியதில்லை. பருத்தி நூல்ல சாயம் ஏறணும்னா உப்பை அள்ளி அள்ளிக் கொட்டணும். சாயம் நூலோட போயிடும், உப்பு முழுக்க கழிவோட வெளியே வரும். காய்ச்சினா கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? தண்ணி சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். குளோரினும் ஒண்ணும் பண்ணாது. நிறம் தெரியலைன்னா தண்ணி சுத்தம்னும் அர்த்தமில்லை.

இது எங்கே போய் முடியும்னு பக்கத்துலயே பார்த்தோமே. நொய்யல்ல 1992ல பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கற தொட்டியாச்சு. திறக்காதீங்கன்னு விவசாயிங்களே கெஞ்சற நிலைமை. 2011 ஜனவரியில சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் சுத்திகரிப்பு உருப்படியா நடந்துச்சு. எங்க ஊர்ல அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிங்க இடிக்கறதும், திரும்ப முளைக்கறதும் வாடிக்கையா இருக்கு.

இன்னொண்ணு. 2018லயும் 2022லயும் மேட்டூர்ல இருந்து சுமார் 2 லட்சம் கன அடி திறந்தப்ப கரையோர வீட்டு ஜனங்க சட்டி பானையோட மேட்டுக்குப் போனாங்க. சாயங்காலம் காத்து வாங்க வர்றவங்க இருட்டினதும் வீட்டுக்குப் போயிடறோம். ஆத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது, வேற இடம் வாங்க முடியாதவங்கதான். பட்டறையில சாயத் தண்ணிக்குள்ள நிக்கறதும் அநேகமா அவங்கதான்.

அதனால என் பதில் இதுதான்: ஆத்தங்கரை நல்லதுதான், மேல இருக்கறவங்களும் கரையில இருக்கறவங்களும் அதை எப்படி வச்சிருக்காங்கங்கறதைப் பொறுத்து. ஆல்டோனாவுக்கு மணல் போதுமா இருந்துச்சு, நமக்குப் போதாது. கழிவை ஆத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும், வேற குறுக்கு வழி இல்லை.

உங்க ஊர் ஆறு எப்படி இருக்குங்க? தாமிரபரணி, வைகை, பாலாறு பக்கத்து ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.