புற்றுநோயாளரின் வாழ்க்கைத் தரம்: அளவீடும் மதிப்பீடும்

புற்றுநோய்க்குச் செய்யப்படும் சிகிச்சை ஆயுளை எவ்வளவு நீட்டியது என்பதோடு, அவ்வாறு நீண்ட நாட்களில் நோயாளியின் சரீர சக்தியும் மனநிலையும் குடும்ப வாழ்வும் எவ்வாறிருந்தன என்பதையும் ஆராய்ந்து நிர்ணயிக்கும் முறை இது.

நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் உக்கிரமான மருந்து, நோயைத் தீர்க்காவிடினும் வேதனையைத் தணிக்குமா என்று சோதித்த நியூயார்க் வைத்தியர் டேவிட் கார்னாஃப்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1948-இல் வெளியிட்ட அளவுகோலே இதற்கு ஆரம்பம். அதில் 100 குறையற்ற நிலையையும், 50 பிறர் உதவியும் அடிக்கடி வைத்தியமும் வேண்டும் நிலையையும், 0 மரணத்தையும் குறிக்கும். எளிமை காரணமாக இன்றும் அது வழங்கி வருகிறதாயினும், எண்ணை இடுபவர் வைத்தியரே ஆதலால், நோயாளியின் மனத்துயரம் அதில் இடம்பெறவில்லை.

பிரிட்டனில் பிரீஸ்ட்மன், பௌம் என்னும் வைத்தியர்கள், முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் தம் நிலையைத் தாமே ஒரு கோட்டின்மேல் குறிக்கும் முறையை 1976-இல் வெளியிட்டனர். இதன் அவசியத்தை 1987-இல் ஆலன் கோட்ஸ் குழுவினரின் ஆஸ்திரேலிய ஆய்வு நிரூபித்தது: இடைவிட்டுத் தரும் கீமோதெரபியே நோயாளிக்கு இதமானது என்று கருதப்பட்டிருக்க, தொடர்ந்து பெற்றவர்களின் வாழ்வே மேம்பட்டிருந்ததென்று நோயாளிகளின் விடைகள் காட்டின. 1993-இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் 30 வினாக்கள் கொண்ட பட்டியல், 13 நாடுகளின் நுரையீரல் புற்றுநோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டு வெளிவந்தது.

அளந்ததை மதிப்பிடுவது வேறொரு பிரச்சினை. குரல்வளையை அகற்றும் அறுவை பிழைக்கும் வாய்ப்பைப் பெருக்கி இயல்பான பேச்சைப் பறிக்கும். கதிர்வீச்சோ வாய்ப்பைக் குறைத்துப் பேச்சைக் காக்கும். இவ்விரண்டில் எது வேண்டுமென்று பார்பரா மெக்நீல் குழுவினர் தீயணைப்பு வீரரும் நிர்வாகிகளுமான 37 ஆரோக்கியசாலிகளை வினவி 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆயுள் குறையினும் குரலே வேண்டுமென்றனர். ஆயுளின் நீளத்தையும் தரத்தையும் ஒருங்கே கணிக்க, பூரண ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டை 1 எனக் கொண்டு, பாதி மதிப்புடைய ஈராண்டுகளை அதற்குச் சமமாக்கும் அலகை, பிரிட்டனில் 1999-இல் நிறுவப்பெற்ற நைஸ் அமைப்பு, அரசாங்கச் செலவில் வழங்கத்தக்க மருந்துகளைத் தீர்மானிப்பதற்குக் கையாள்கிறது. எனினும் இம்மதிப்புகள் பெரும்பாலும் பொதுமக்கள் ஒரு நோய்நிலையைக் கற்பித்துக்கொண்டு கூறுபவை. அந்நிலையில் வாழ்ந்து பழகியவரோ தம் வாழ்வை அதனினும் உயர்வாகவே மதிப்பதுண்டு. ஆகையால் எவர் மதிப்பு செல்லும் என்ற தர்க்கம் நியாயமாகவே நீடிக்கிறது.

நியூயார்க்கில் 766 நோயாளிகளைக் கொண்டு ஈத்தன் பாஷ் குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தம் உபாதைகளைக் கணினி வாயிலாக அவ்வப்போது தாமே அறிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதமாகவும், வழக்கமான கவனிப்பைப் பெற்றோரின் ஆயுள் 26.0 மாதமாகவும் இருந்தன. நோயாளியைக் கேட்டறிவது சிகிச்சையின் பயனை அளக்கும் கருவியாகத் தொடங்கிச் சிகிச்சையின் அங்கமாகவே ஆகியுள்ளது.