கட்டைவிரல் நாதம் பிறந்த கதை

கிதார் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் விரலிடுக்கில் முக்கோணமாய் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பிடித்திருப்பார்கள். 'பிக்' என்பார்கள். கம்பியைச் சுண்டுவது அதன் வேலை. ஜாஸ் உலகின் மகத்தான கிதார் கலைஞர்களில் ஒருவரான வெஸ் மாண்ட்காமரி அதை வைத்துக்கொள்ளவில்லை. வெறும் கட்டைவிரலின் சதைப்பகுதியால் வாசித்தார். இதற்குச் சொல்லப்படும் காரணத்தில் இசைக் கோட்பாடு எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெஸ் பிறந்தது 1923 மார்ச் 6, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில். அண்ணன் மாங்க், தம்பி பட்டி இருவரும் இசைக்காரர்கள். சிறுவனாக இருந்தபோது அண்ணன் வாங்கித் தந்த நான்கு கம்பி கிதாரில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். ஆறு கம்பி மின்கிதாரைக் கையில் எடுத்தது கல்யாணம் ஆன பிறகு, இருபது வயதை ஒட்டி. கலைஞர்கள் கணக்கில் இது மிகவும் தாமதம். தூண்டியது ஓர் இசைத்தட்டு: பென்னி குட்மன் குழுவில் சார்லி கிறிஸ்டியன் வாசித்த 'சோலோ ஃப்ளைட்'. அதுவரை பின்னணியில் தாளக்கட்டோடு நின்றிருந்த கிதாரை சாக்ஸபோனுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியன். 1942இல், இருபத்தைந்து வயதிலேயே இறந்துபோனார்.

வெஸ் ஒரு மின்கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, சொல்லித்தர ஆளும் இல்லை. தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, காதால் கேட்டே கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை அப்படியே மனனம் செய்தார். அவற்றை வாசித்துக்காட்டவே உள்ளூர் கிளப் ஒன்று அவரை வேலைக்கு வைத்தது. தெரிந்ததை வாசித்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அதற்கு மேல் கையில் சரக்கு இல்லை.

பகலெல்லாம் வேலை. சாதகம் செய்ய மிஞ்சியது இரவு மட்டும். சின்ன வீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு பிக்கால் சுண்டினால் ஒலி சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டார் முறையிட்டார்கள் என்று ஒரு கதை. மனைவிதான் பொறுக்க முடியாமல் சொன்னார் என்று இன்னொன்று. பிக்கைக் கொஞ்ச காலம் முயன்று பார்த்ததாகவும், கட்டைவிரலின் ஒலியே தனக்குப் பிடித்துப்போனதாகவும் அவரே சொன்னதுண்டு. எனக்கு மூன்றும் ஒருசேர உண்மையாகவே படுகிறது. சத்தத்தைக் குறைக்கத்தான் விரலுக்கு மாறியிருப்பார். ஆனால் காது ஒப்பாத ஒன்றை அக்கம்பக்கத்தாருக்காக ஆயுள் முழுக்க யாரும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

விரல் செய்தது சத்தத்தைக் குறைத்தது மட்டுமல்ல. பிக்கின் கூர்மையான விளிம்பு கம்பியின் ஒரே புள்ளியில் தாக்கும்போது உயர்ந்த அதிர்வுகளும் சேர்ந்து கிளம்பும். பளிச்சென்று, சற்றுக் கீறலாகக்கூடக் கேட்கும். சதையோ கம்பியை அகலமாகத் தொட்டு விடுவிக்கிறது. அந்த மேலதிர்வுகள் அடங்கி, அடிநாதம் உருண்டு திரண்டு வருகிறது. வெஸ்ஸின் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்தது என்றும், அந்த மென்மைக்குள் ஒரு முனைப்பு இருந்ததற்கு அதுவே காரணம் என்றும் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் சொல்லியிருக்கிறார்.

இதற்கு விலையும் உண்டு. பிக் மேலும் கீழும் ஓடும்; ஒரு திசைக்கு ஒரு ஸ்வரம் கிடைக்கும். வெஸ் ஒற்றை ஸ்வர வரிசைகளைப் பெரும்பாலும் கீழ்நோக்கிய வீச்சிலேயே வாசித்தார். அந்த வழியில் அத்தனை வேகத்தை எப்படி எட்டினார் என்று இன்றும் கிதார்காரர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற இரட்டைஸ்வரம். ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது. இடது கையில் ஆள்காட்டி விரல் ஒரு கம்பியில், சுண்டுவிரல் பெரும்பாலும் மற்றொன்றில். நடுவே இருக்கும் கம்பி பேசிவிடாமல் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியே அதை அமுக்கும். அந்தப் பிடியோடு கை மொத்தமும் கழுத்தில் மேலும் கீழும் வழுக்க வேண்டும். கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் முன்னரே இதைக் கையாண்டவர். ஆனால் இடையிடையே வந்துபோகும் அலங்காரமாக இருந்ததை முழு மனோதர்மத்துக்கான மொழியாக்கியவர் வெஸ். ஆரம்பத்தில் அப்படி வாசித்தால் தலைவலி வந்துவிடும் என்று பேட்டியில் சொன்னார்.

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டன் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். விமானம் என்றால் பயம். முடிந்த இடத்துக்கெல்லாம் காரில்தான். பிறகு குடும்பத்தோடு இருக்க ஊர் திரும்பிவிட்டார். காலை ஏழு முதல் மூன்று மணி வரை தொழிற்சாலை, இரவு டர்ஃப் பாரில் கச்சேரி, அது முடிந்ததும் விடியும்வரை மிசைல் ரூம் கிளப்பில். பிள்ளைகளும் பலர். எப்போது தூங்கினார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த ஊர் சாதாரணமானதல்ல. கருப்பின மக்களின் இண்டியானா அவென்யூவில் கிளப்புகள் வரிசையாக இருந்தன. டிராம்போன் மேதை ஜே.ஜே. ஜான்சனும் டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டும் அந்த ஊர்க்காரர்களே. நல்ல காதுகள் சுற்றிலும் இருந்தன; நியூயார்க்கின் போட்டி இல்லை. வெஸ் தன் இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே நியூயார்க் போயிருந்தால், யாராவது ஒரு பெரியவர் 'முதலில் பிக்கைப் பிடி' என்று திருத்தியிருப்பார் என்பது என் சந்தேகம்.

1959இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி மிசைல் ரூமில் அவரைக் கேட்டு அசந்து, ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்னியூஸிடம் சொன்னார். கீப்னியூஸ் கிளம்பி வந்து, விடியவிடியக் கேட்டு, ஒப்பந்தம் போட்டார். அந்த அக்டோபரிலேயே முதல் ரிவர்சைட் பதிவு. 1960 ஜனவரியில் பதிவான 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார் ஆஃப் வெஸ் மாண்ட்காமரி' அவரை உலகறியச் செய்தது. அப்போது வயது முப்பத்தாறு. இசைக்குறிப்பு தெரியாதவர் என்றாலும் அதிலுள்ள 'ஃபோர் ஆன் சிக்ஸ்', 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' இரண்டும் அவர் இயற்றியவை. இன்று ஜாஸ் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் உருப்படிகள். அவர் தனி வாசிப்பின் கட்டமைப்பும் அதில் தெளிவாகத் தெரியும்: முதலில் ஒற்றை ஸ்வரங்கள், சூடேறியதும் இரட்டைஸ்வரங்கள், உச்சத்தில் பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் முழுக் கார்டுகள்.

1964இல் ரிவர்சைட் திவாலானது. அடுத்து சேர்ந்த வெர்வ் நிறுவனத்தில் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர், பெரிய வாத்தியக் குழுக்களுக்கு முன்னால் வெஸ்ஸை நிறுத்தி, பிரபலமான பாப் பாடல்களை வாசிக்க வைத்தார். 'கோயிங் அவுட் ஆஃப் மை ஹெட்' கிராமி விருது பெற்றது. ஜாஸ் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அவர் தனி வாசிப்பின் மூன்று கட்டங்களில் நடுக்கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து வானொலிக்கு விற்ற மாதிரி இருந்தது. ஆனால் பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற இரண்டு வேலை பார்த்தவரிடம் இதைக் குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை. 1965இல் பியானோ கலைஞர் வின்டன் கெல்லியின் குழுவோடு ஹாஃப் நோட் கிளப்பில் வாசித்ததைக் கேட்டால், நெருப்பு அணையவில்லை என்பதும் தெரியும்.

1968 ஜூன் 15இல், சொந்த ஊரில், மாரடைப்பால் இறந்தார். வயது 45.

இரட்டைஸ்வரத்தை ஜார்ஜ் பென்சன், பேட் மார்டினோ, பேட் மெத்தினி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்று அது கிதார் பாடத்திட்டத்தின் ஒரு பக்கம். கட்டைவிரலை அப்படி யாரும் எளிதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தின் ஜிம் மல்லன் போல ஒரு சிலர்தான் அதையே தங்கள் வழியாக்கினார்கள். மற்றவர்கள் முயன்று பார்த்துவிட்டு பிக்குக்கே திரும்பிவிடுகிறார்கள்.