ஆறு வேண்டாத தோல் தொழில்

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் பாலாறு ஓடவில்லை. ஷூ தைக்க அது தேவையும் இல்லை. தோல் பதனிடத்தான் தண்ணீர் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் ஆலைகள், பாலாற்றை ஒட்டி வளர்ந்தது அதனால்தான். ஷூ தைக்கும் மெஷின் ஆபரேட்டருக்குக் கரண்டும் கூரையும் போதும்.

அந்த ஆபரேட்டர் தமிழ்நாட்டுக்கு வந்ததே தாமதமாகத்தான். வெகுகாலம் மதராசிலிருந்து கப்பலேறியது ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைத்தயார் தோல். அதை ஷூவாக்கும் கூலியும் லாபமும் ஐரோப்பாவுக்கு. 1903 வாக்கில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தார். பின்னால் வந்த குரோம் லெதர் கம்பெனியால் ஒரு புறநகருக்கே குரோம்பேட்டை என்று பெயர் நிலைத்தது. ஆனாலும் ஏற்றுமதி தோலாகவே தொடர்ந்தது.

திருப்பம் ஒரு குழு அறிக்கையில் வந்தது. பச்சைத் தோல், அரைத்தயார் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொன்னது 1972இல் அமைந்த சீதாராமையா குழு. அடுத்த ஆண்டே அரசு அதைச் செயல்படுத்தத் தொடங்க, தோல் வியாபாரிகள் வேறு வழியில்லாமல் தையல் மெஷின் வாங்கினார்கள்.

முதலில் முழு ஷூ அல்ல, அதன் மேல்பாகமான ‘அப்பர்’ மட்டும். கிளிக்கிங் மெஷினில் டை வைத்து அழுத்தினால் தோல் துண்டாகும். ஸ்கைவிங் மெஷின் அதன் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும். இல்லாவிட்டால் மடிப்பு புடைத்து நிற்கும். பிறகு தையல். தட்டையான மேசையில் வளைந்த அப்பரைத் தைக்க முடியாது என்பதால், தூண் போல உயர்ந்து நிற்கும் போஸ்ட் மெஷின். ஊசி வழுக்கினால் துணிபோலப் பிரித்துத் தைக்கவும் முடியாது, தோலில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். இந்த வரிசைகளில் பெரும்பாலும் பெண்களே அமர்ந்தார்கள்.

ஷூ தொழில் இயந்திரமயமான வரலாற்றில், அப்பரைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங்தான் கடைசிவரை கைவேலையாக இருந்தது. அமெரிக்காவின் லின் நகரில், சுரிநாமில் பிறந்த கறுப்பினத் தொழிலாளி யான் மாட்செலிகர் 1883இல் அதற்கொரு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைதேர்ந்தவர் நாளுக்கு 50 ஜோடி முடித்த இடத்தில் அது 700 வரை முடித்தது. அவரோ காசநோயால் 36 வயதில் இறந்தார்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், 1996இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் தோல் ஷாப்புகளுக்கு அபராதம் விதித்தது. அடுத்த பத்தாண்டில் செய்யாறு சிப்காட்டுக்குத் தைவான் குழுமம் ஒன்றின் லோட்டஸ் ஆலை வந்தது. அங்கே தைப்பது நைக்கி விளையாட்டுக் காலணி: துணியும் செயற்கைப் பொருளும் கலந்த சரக்கு. பல ஜோடிகளுக்குத் தோல் ஷாப்பே தேவையில்லை.