அவசர வாடகை உதவி (அமெரிக்கா)

வாடகை பாக்கியால் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலையில் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்காக, அரசோ தொண்டு அமைப்போ அந்தப் பாக்கியைக் கட்டிவிடும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் அவசர வாடகை உதவி என்று பெயர். பெரும்பாலும் இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நியூயார்க் நகரம் தரும் ‘ஒன் ஷாட் டீல்’ போன்ற சிலவற்றில் மட்டும், சம்பாதிக்க முடிந்தவர்கள் பின்னால் சிறிது சிறிதாகத் திருப்பித் தர வேண்டிவரும். பணம் குடும்பத்தின் கைக்கு வருவதும் அபூர்வம். வீட்டுக்காரர் பெயருக்கே காசோலை எழுதப்படுகிறது.

அமெரிக்காவில் வாடகை பெரும்பாலும் ஒன்றாம் தேதி கட்ட வேண்டியது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அபராதம் சேர்ப்பார்கள். அடுத்தது நோட்டீஸ். டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டுக்காரர் மூன்று நாள் கெடு கொடுத்தாலே வழக்குப் போடலாம். நியூயார்க்கில் 14 நாள் தர வேண்டும். வழக்கில் குடித்தனக்காரர் தோற்றால் ஷெரீஃப் அல்லது கான்ஸ்டபிள் வாசலுக்கு வந்து நிற்பார். பணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டாலும், வழக்குப் போடப்பட்டது என்ற பதிவு பல இடங்களில் அழிவதில்லை. வாடகைக்கு வருகிறவரின் பழைய வரலாற்றை விசாரித்துச் சொல்வதற்கென்றே அங்கே நிறுவனங்கள் உண்டு. அந்தப் பதிவைப் பார்த்த புது வீட்டுக்காரர் ‘இடமில்லை’ என்று சொல்லிவிடுவார். சில நூறு டாலர் பாக்கி, பல ஆண்டுகளுக்குக் கதவுகளை அடைத்துவிடுகிறது.

இந்த அவலத்தை மில்வாக்கி நகரத்துக் குடித்தனங்களோடு குடியிருந்து எழுதியவர் சமூகவியலாளர் மாத்யூ டெஸ்மண்ட். 2016இல் வந்த ‘எவிக்டெட்’ என்ற அவருடைய நூல் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய எவிக்ஷன் லேப், கொரோனாவுக்கு முந்தைய ஒரு சாதாரண ஆண்டில் வீட்டைக் காலி செய்யக் கோரி நாடு முழுவதும் சுமார் 36 லட்சம் வழக்குகள் போடப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறது.

ஏழைகளுக்கு நிரந்தர உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து ‘செக்‌ஷன் எயிட்’ என்று பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட வாடகைச் சீட்டு அது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகைக்குத் தரும், மிச்சத்தை அரசு கட்டும். ஏறக்குறைய 23 லட்சம் குடும்பங்களிடம் இந்தச் சீட்டு இருக்கிறது. ஆனால் தகுதி இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. மத்திய அரசின் வாடகை உதவிகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. மற்றவற்றில் பல காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. பல நகரங்களில் பட்டியலையே மூடி வைத்திருக்கிறார்கள். 2022இல் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுச் செலவுக்கே கொடுத்த வாடகைக் குடும்பங்கள் 2.24 கோடி என்கிறது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையம். வாடகை வீட்டில் இருப்பவர்களில் அது சரிபாதி. இப்படி வாழும் வீட்டில் கார் பழுதானாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரக் கூலி போனாலோ, அந்த மாத வாடகையில் துண்டு விழும். அந்தத் துண்டை அடைப்பதுதான் அவசர உதவியின் வேலை.

வெகு காலமாக இந்த வேலையைச் செய்தவை தேவாலயங்களும் அறக்கட்டளைகளும்தான். செயிண்ட் வின்சென்ட் டி பால் சங்கத்தார் இன்றும் இருவர் இருவராகக் குடும்பத்தின் வீட்டுக்கே போய் விசாரித்து உதவுகிறார்கள். சால்வேஷன் ஆர்மி, கத்தோலிக் சாரிட்டீஸ் போன்றவையும் கொஞ்சம் கொஞ்சம் தரும். ஒரு இடத்தில் 100 டாலர், இன்னொரு இடத்தில் 200 என்று சேர்த்து வாடகையை ஒட்டுப்போடும் அலைச்சல் தாய்மார்களுக்குப் பழகிப்போன ஒன்று. 1983இல் மத்திய அரசும் அவசர உணவு மற்றும் உறைவிடத் திட்டத்தைத் தொடங்கி, இத்தகைய அமைப்புகள் வழியாகவே பணம் கொடுத்தது. 2009இல், பொருளாதாரச் சரிவின்போது, வீடிழப்பைத் தடுக்க 150 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

உதவி உண்மையிலேயே பயன்படுகிறதா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சிகாகோவிலிருந்து வந்தது. அங்கே வாடகைக்குத் திண்டாடுகிறவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி மையம் உண்டு. அதன் நிதி சில நாள் இருக்கும், சில நாள் தீர்ந்திருக்கும். எந்த நாளில் இருக்கும் என்று அழைப்பவருக்குத் தெரியாது. பொருளாதார ஆய்வாளர்கள் இதையே ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டு, பணம் இருந்த நாளில் அழைத்தவர்களையும் இல்லாத நாளில் அழைத்தவர்களையும் பின்தொடர்ந்தார்கள். 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. பணம் இருந்தபோது அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் வீடற்றோர் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவு. குடும்பத்தின் ஒழுக்கமோ உழைப்போ இங்கே வித்தியாசமில்லை. அழைத்த நாள்தான் வித்தியாசம்.

நாடு தழுவிய பெரும் முயற்சி கொரோனாக் காலத்தில் நடந்தது. 2020 டிசம்பர் சட்டத்தில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் மேலும் 2,155 கோடி டாலரும் வாடகை உதவிக்கென ஒதுக்கப்பட்டன. வட்டார இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குள் சம்பாதித்த குடும்பங்கள் விண்ணப்பிக்க முடிந்தது. வாடகை பாக்கியோடு மின்கட்டண, தண்ணீர்க்கட்டண பாக்கியும் கட்டப்பட்டது; இரண்டு ஒதுக்கீடுகளும் சேர்ந்து 18 மாதம் வரை உதவி பெற முடிந்தது.

பணம் வந்தது, ஆனால் ஊர்ந்து வந்தது. இந்த வேலைக்கென்று அலுவலகமே இல்லாத மாநிலங்கள் திடீரென்று ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வேலை போனதற்குச் சான்று என்று கேட்ட காகிதங்கள் ஏராளம். வாய்மொழியாகப் பேசிக் குடியேறியவரிடம் ஒப்பந்தத்துக்கு எங்கே போவது? 2021 ஜூலை முடிவில் செலவாகியிருந்தது சுமார் 510 கோடி டாலர், மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. இடையில் குடும்பங்களைக் காத்து நின்றது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்று நோய்க்கட்டுப்பாட்டு மையம் பிறப்பித்திருந்த தடைதான். ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதையும் நீக்கியது. அந்தச் சமயத்தில்தான் பல இடங்களில் காகிதங்கள் குறைந்தன. விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியே போதும் என்று கருவூலத் துறை வற்புறுத்தியது. பின்னாளில் வழங்கப்பட்ட தொகைகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. நிர்வாக ஏற்பாடு தயாராக இல்லாத இடங்களுக்குப் பணத்தை அனுப்பியது, மடை வெட்டாமல் ஏரியைத் திறந்துவிட்டது போலத்தான்.

பங்கீட்டிலும் ஒரு வேடிக்கை. எவ்வளவு சிறிய மாநிலமானாலும் முதல் ஒதுக்கீட்டில் குறைந்தது 20 கோடி டாலர் என்று சட்டம் சொன்னது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் அதே 20 கோடி. அங்கே செலவழிக்க ஆளில்லை. பெரிய நகரங்களில் வரிசை நின்றது.

வழக்குக்கு முன்பே தலையிட்ட நகரம் பிலடெல்பியா. வாடகை வராவிட்டால் வீட்டுக்காரர் உடனே நீதிமன்றம் போகக் கூடாது; முதலில் வாடகை உதவிக்கு விண்ணப்பித்து, சமரசப் பேச்சுக்கும் உட்கார வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டது. வழக்கே பதிவாகாததால் குடித்தனக்காரரின் பெயர் கெடவில்லை, வீட்டுக்காரருக்கும் பாக்கி கிடைத்தது. பெருந்தொற்று போன பிறகும் நகரம் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது: காலி செய்யும் வழக்கை எதிர்கொள்ளும் ஏழைகளுக்கு இலவச வழக்கறிஞர் என்று 2017இல் சட்டம் செய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான்.

கொரோனாக்கால நிதியைச் செலவிடும் கெடு 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. இப்போது உதவி தேடுகிறவர் பழையபடி 211 என்ற உதவி எண்ணை அழைத்து, தன் ஊரில் எந்த அமைப்பிடம் பணம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே அழைப்பது உத்தமம். வழக்கு வந்துவிட்டாலும் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது; போகாதவரின் பக்கத்தைக் கேட்காமலே பெரும்பாலும் அன்றைக்கே தீர்ப்பாகிவிடும்.